காலையில் மந்தம் தெரியவில்லை, வண்டி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. வேலைக்குப் போக, வர தினமும் நானே கார் ஓட்டுகிறேன், பெரும்பாலும் நெடுஞ்சாலை. தூக்கம் வராததால் சில மாதங்களாக இரவு படுக்கும்போது ஜோபிகுளோன் 7.5 மி.கி. மாத்திரை போடுகிறேன். 11 மணிக்குப் படுத்தால் காலை 7 மணிக்கு வண்டியில் இருப்பேன். தும்மலும் மூக்கொழுகலும் அதிகமாகும் நாட்களில் பகலில் டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. போட்டுக்கொள்வதும் உண்டு. எனக்கு எந்த மந்தமும் தெரிவதில்லை.

என் கவலை தம்பியைப் பற்றி. அவனுக்கு 26 வயது. வார இறுதியில் நண்பர்களோடு கஞ்சா புகைக்கிறான். சில நாள் கூடவே பீரும் உண்டு. அப்புறம் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன்தான் ஓட்டி வருகிறான். கண்டித்தால், 9,000 ஓட்டுநர்களை வைத்து அமெரிக்க அரசு நடத்திய ஆய்வில் கஞ்சாவால் விபத்து கூடவில்லை என்று தெரிந்துவிட்டது என்கிறான். “நீ ராத்திரி போடுகிற மாத்திரை இதைவிட மோசம்” என்று வேறு சொல்கிறான். யார் சொல்வது சரி? மருந்து சாப்பிட்டவர் எப்படி ஓட்டுகிறார் என்பதை எப்படித்தான் அளக்கிறார்கள்?

பதில்: உங்களைப் பற்றி உங்கள் தம்பி சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னதில்தான் கோளாறு. கோபப்படாமல் மேலே படியுங்கள். இன்று இரவே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு மருந்து ஓட்டும் திறனைக் கெடுக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஆட்களுக்கு மருந்தைக் கொடுத்து, ஓட்டச் சொல்லி அளப்பது ஒரு வழி. விபத்தில் சிக்கியவர்களின் உடலில் என்ன மருந்து இருந்தது என்று பார்த்து, அதே சாலையில் விபத்தில்லாமல் போனவர்களோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. உங்கள் தம்பி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மாத்திரை பற்றிய விடை முதல் வழியில்தான் தெளிவாக இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் ஓ’ஹான்லன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் நெதர்லாந்தில் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். சிமுலேட்டர் (கார் ஓட்டுவதைப் பாவனை செய்யும் கருவி) இல்லை, உண்மையான நெடுஞ்சாலை, மற்ற வண்டிகளும் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்துக்கு மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே தடத்தின் நடுவில் வண்டியைச் சீராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்து இருக்கையில் ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர், அவர் காலடியில் தனி பிரேக். காரில் பொருத்திய கேமரா, சாலைக் கோட்டுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியை விடாமல் பதிவுசெய்துகொண்டே வரும். ஒரு நாள் மருந்து, இன்னொரு நாள் பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை. எது எந்த நாள் என்று ஓட்டுபவருக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது.

கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எண். தடத்துக்குள் வண்டி இடதும் வலதுமாக எவ்வளவு அலைந்தது என்பதன் அளவு. டயஸிபாம் (பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை) போட்டவர்களின் வண்டி இப்படிக் கூடுதலாக அலைகிறது என்ற முடிவு 1982-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அன்றிலிருந்து இன்று வரை தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மருந்து, கஞ்சா என்று எத்தனையோ பொருட்களை இதே முறையில் சோதித்துவிட்டார்கள்.

இந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது மது. பல்வேறு அளவு மது கொடுத்து, அதே சாலையில் ஓட்டவிட்டு அளந்து வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கும்போது, அலைவு சராசரியாக 2.4 சென்டிமீட்டர் கூடுகிறது. பல நாடுகளில் சட்டம் கோடு போடும் அளவு அது. ஆகவே, ஒரு மாத்திரை 2.4 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கூட்டினால், ‘இந்த மாத்திரை போட்டவர் அந்த அளவு குடித்தவரைப் போல ஓட்டுகிறார்’ என்று சொல்ல முடிகிறது.

‘வெறும் இரண்டரை சென்டிமீட்டருக்கா இவ்வளவு அமர்க்களம்?’ என்று தோன்றலாம். எனக்கு இந்த இடம் பிடிக்கும், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக அந்த அலைவின் அளவு 20 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர், காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால், நடுவில் போகும் காருக்கு இரண்டு பக்கமும் தலா 85 சென்டிமீட்டர் மிச்சம். வண்டி கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால், வழக்கமான அலைவைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஒரே பக்கமாக விலக வேண்டும். அது மிக மிக அபூர்வம். அலைவை 20-லிருந்து 22.4 ஆக்கிப் பாருங்கள். சராசரியில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் கோட்டைத் தாண்டும் அந்த அபூர்வ நிகழ்வின் வாய்ப்பு, புள்ளியியல் கணக்குப்படி ஆறேழு மடங்கு ஆகிவிடுகிறது. விபத்து சராசரியில் நடப்பதில்லை, ஓரத்தில்தான் நடக்கிறது.

சரி, இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். புதிய தூக்க மாத்திரை ஒன்றை இப்படிச் சோதிக்கும்போது, ஆய்வாளர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். புது மாத்திரை போட்டவர்கள் நன்றாக ஓட்டிவிட்டால், மாத்திரை பாதுகாப்பானதா, அல்லது அன்றைய சோதனையே எதையும் பிடிக்கவில்லையா? அதனால் ‘இது ஓட்டத்தைக் கட்டாயம் கெடுக்கும்’ என்று நன்றாகத் தெரிந்த ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வழக்கமாக எடுப்பது ஜோபிகுளோன் 7.5 மி.கி. நீங்கள் தினமும் போடும் அதே மருந்து, அதே அளவு. இரவு போட்டு, 10, 11 மணி நேரம் கழித்து ஓட்டியபோதும் வண்டியின் அலைவு 0.05 சதவீத ஆல்கஹால் அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ கூடியிருந்தது என்பது மீண்டும் மீண்டும் கிடைத்த முடிவு. நீங்களோ 8 மணி நேரத்தில் வண்டி எடுக்கிறீர்கள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜோபிகுளோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் 8 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் உடலில்தான் இருக்கும். அலாரம் அடித்ததும் தூக்கம் கலைகிறது. மருந்து அப்படிக் கலைவதில்லை. கனடாவின் சுகாதாரத் துறை 2014-இல் இந்த மருந்தின் தொடக்க அளவை 3.75 மி.கி.யாகக் குறைத்ததற்கு இந்த மறுநாள் பாதிப்புதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதற்குச் சொந்தக்கார மருந்தான ஜோல்பிடெமின் அளவைப் பெண்களுக்கு 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகப் பாதியாக்கியது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது. 10 மி.கி. போட்ட பெண்களில் 15 சதவீதம் பேருக்கு, 8 மணி நேரம் கழித்தும் ஓட்டுவதைப் பாதிக்கும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் இருந்தது.

‘எனக்குத்தான் மந்தமே தெரியவில்லையே’ என்கிறீர்கள். இந்தத் துறையில் நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுதான். இதற்குப் பதில் உங்கள் இரண்டாவது மாத்திரையில் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், அலர்ஜி உள்ள 40 பேரை ஒரு பெரிய சிமுலேட்டரில் ஓட்டவைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாரங்களில் நான்கு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: பழைய வகை அலர்ஜி மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி.; புதிய வகையான ஃபெக்ஸோஃபெனடின்; ரத்தத்தில் ஏறத்தாழ 0.1 சதவீதம் வரும் அளவுக்கு மது, வெற்று மாத்திரை. முன்னால் போகும் வண்டி வேகம் கூட்டியும் குறைத்தும் போகும். அதற்கு ஈடுகொடுத்து இடைவெளியைக் காக்க வேண்டும். இதில் எல்லோரையும்விட மோசமாகச் செய்தவர்கள் டைஃபென்ஹைட்ரமின் போட்டவர்கள். மது குடித்தவர்கள்கூட அவர்களைவிடத் தேவலாம். ஃபெக்ஸோஃபெனடின் போட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வில் எல்லோரிடமும் ‘உங்களுக்கு எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?’ என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன பதிலை வைத்து, யார் எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்று ஊகிக்க முடியவில்லை. தெளிவாக இருப்பதாகச் சொன்னவர்களும் சொதப்பினார்கள். ‘தூக்கம் வந்தால் வண்டி ஓட்டாதீர்கள்’ என்று மருந்து அட்டையில் அச்சடிக்கிறோமே, அந்த எச்சரிக்கையின் மேல் எனக்கு அதற்குப் பிறகு பெரிய நம்பிக்கை இல்லை. நான் எப்படி ஓட்டுகிறேன் என்று எடைபோடுவதும் மூளை. மருந்து மந்தப்படுத்தியிருப்பதும் அதே மூளை. கவனம் அரை நொடி நழுவினால், நழுவியதே தெரியாது. பதிவாகாத ஒன்றை எப்படி நினைவில் வைத்துச் சொல்ல முடியும்? அதோடு அன்றாட ஓட்டத்தில் நம் திறமை முழுவதும் தேவைப்படுவதில்லை. பழகிய சாலை, சீரான வேகம் என்றால் பாதிக் கவனத்திலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். மீதிக் கவனம் தேவைப்படுவது, முன்னால் போகும் லாரி திடீரென நிற்கும்போது மட்டும்தான். ‘இத்தனை மாதமாக ஒன்றும் ஆகவில்லை’ என்பது, அப்படி ஒரு நொடி இன்னும் வரவில்லை என்று மட்டுமே காட்டுகிறது.

‘பழகிவிட்டால் பாதிப்பு போய்விடும்’ என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 67 வயதுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களை வைத்து நடத்தி 1997-இல் வெளியான ஆய்வில், உடலில் நெடுநேரம் தங்கும் டயஸிபாம் வகை மருந்துகளைத் தொடங்கிய முதல் வாரத்தில், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 45 சதவீதம் கூடுதலாக இருந்தன. தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் அது 26 சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. சீக்கிரம் வெளியேறிவிடும் மருந்துகளில் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. ஆகவே ‘தூக்க மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதுதான் விஷயம்.

இப்போது தம்பி காட்டும் ஆய்வு. அது உண்மையான ஆய்வுதான், நல்ல ஆய்வும்கூட. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வர்ஜீனியா பீச் என்ற நகரத்தில் நடத்தி, 2015-இல் வெளியிட்டது. விபத்தில் சிக்கிய 3,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள். அவர்களோடு ஒப்பிட, அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் விபத்தில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த 6,000-க்கும் மேற்பட்டவர்கள். உடலில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) இருந்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு முதலில் 25 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. வயது, பால், இனம், கூடவே மது குடித்திருந்தார்களா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்தக் கூடுதல் காணாமல் போனது. இதுவரை தம்பி சொல்வது சரி. கஞ்சா புகைப்பவர்களில் இளம் ஆண்கள் அதிகம். இளம் ஆண்கள் எதுவும் புகைக்காமலேயே அதிகம் மோதுகிறார்கள். அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வு பிரித்துப் பார்த்தது ‘உடலில் டி.எச்.சி. இருந்தவர்கள், இல்லாதவர்கள்’ என்று. போதையில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்குள் மளமளவென்று இறங்கும், போதை மட்டும் அதற்குப் பின்னும் தொடரும். தினமும் புகைப்பவர் உடலிலோ, விட்டுப் பல நாட்கள் ஆன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே ‘டி.எச்.சி. இருந்தவர்கள்’ என்ற கூட்டத்தில், அரை மணி நேரத்துக்கு முன் புகைத்தவரும் இருப்பார், நேற்று முன்தினம் புகைத்துவிட்டு இன்று தெளிவாக ஓட்டியவரும் இருப்பார். முதல் ஆளின் ஆபத்தை இரண்டாவது ஆள் நீர்த்துப்போகச் செய்துவிடுகிறார். இந்த முடிவை வைத்துக்கொண்டு கஞ்சா ஓட்டுவதைப் பாதிப்பதில்லை என்று சொல்லக்கூடாது என்று ஆய்வை வெளியிட்டவர்களே எச்சரித்திருந்தார்கள்.

மதுவில் இந்தக் குழப்பம் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு போதை. அதனால் அதே ஆய்வில் மதுவின் ஆபத்து தெளிவாகத் தெரிந்தது: 0.05 சதவீதத்தில் இரண்டு மடங்கு, 0.08-இல் நான்கு மடங்கு, 0.15-இல் 12 மடங்கு. கஞ்சாவைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு ஒன்றே கால் மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் வரை பலவிதமாகக் கிடைத்திருக்கிறது. நிறையக் குடித்துவிட்டு ஓட்டுவதோடு ஒப்பிட்டால் கஞ்சாவின் ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. இருபது வயதுக்காரரிடம் பேசும்போது இதை மறைத்தால், நாம் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

கஞ்சாவையும் அதே 100 கிலோமீட்டர் சாலைச் சோதனையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2020-இல் வந்த அந்த ஆய்வில் எப்போதாவது கஞ்சா எடுக்கும் 26 பேர், கிட்டத்தட்ட 14 மி.கி. டி.எச்.சி.யை ஆவியாக உள்ளிழுத்தார்கள். 40 நிமிடத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் ஓட்டியபோது அலைவு 2.3 சென்டிமீட்டர் கூடியிருந்தது. நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து ஓட்டியபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கஞ்சாவின் இன்னொரு சேர்மமான சி.பி.டி. மட்டும் எடுத்தபோது பாதிப்பே தெரியவில்லை. இப்போது உங்கள் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். கஞ்சா இழுத்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் வண்டி அலைந்ததும், ஜோபிகுளோன் போட்ட மறுநாள் காலை வண்டி அலைந்ததும் ஏறத்தாழ ஒரே அளவு. ‘உன் மாத்திரை இதைவிட மோசம்’ என்ற தம்பியின் பேச்சு அவ்வளவு தூரம் தப்பில்லை என்று நான் சொன்னது இதனால்தான். என்ன, அவருக்கும் அதே அளவு பாதிப்பு இருக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை.

கஞ்சா எடுத்தவர்கள் பொதுவாக வேகத்தைக் குறைக்கிறார்கள், முன்வண்டிக்கு இடைவெளி கூட்டுகிறார்கள். மது குடித்தவர்கள் எதிர்மாறாக வேகம் எடுக்கிறார்கள். ‘கஞ்சா என்னை ஜாக்கிரதையாக்குகிறது’ என்ற பேச்சுக்கு இதுதான் மூலம். ஜாக்கிரதை உண்மைதான். மெதுவாகப் போவதால் ஓரளவு ஈடுகட்டவும் முடிகிறது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டி வரும்போதும், எதிர்பாராமல் ஏதாவது குறுக்கே வரும்போதும் அந்த ஈடு போதுவதில்லை.

இன்னொரு ஆய்வை உங்கள் தம்பிக்குக் கட்டாயம் காட்டுங்கள். 2022-இல் வெளியானது, வழக்கமாகக் கஞ்சா புகைக்கும் 191 பேர். சிலருக்கு உண்மையான கஞ்சா, சிலருக்கு டி.எச்.சி. நீக்கியது. புகைத்த அரை மணி நேரத்தில் சிமுலேட்டர் ஓட்டம் மோசமாக இருந்தது, ‘இப்போது ஓட்ட மாட்டேன்’ என்று பலர் அவர்களாகவே தயங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனபோது பெரும்பாலானோர் ‘இப்போது ஓட்டலாம்’ என்றார்கள். ஓட்டமோ அப்போதும் தேறியிருக்கவில்லை. தைரியம் முதலில் திரும்புகிறது, திறமை அப்புறம்தான் வருகிறது. நண்பர்களோடு உட்கார்ந்து பேசி முடித்து, ‘சரி, கிளம்பலாம்’ என்று எழுந்திருப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். ரத்தத்தில் இருந்த டி.எச்.சி. அளவுக்கும் ஓட்டத்தின் தரத்துக்கும் அந்த ஆய்வில் தொடர்பும் கிடைக்கவில்லை. மதுவுக்குப் போல ‘இவ்வளவுக்கு மேல் ஆபத்து’ என்று கஞ்சாவுக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியாமல் ஆய்வாளர்கள் திணறுவது இதனால்தான்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? 80 சோதனைகளைத் திரட்டி 2021-இல் வந்த மதிப்பீட்டின்படி, 20 மி.கி. டி.எச்.சி. உள்ளிழுத்தால் ஓட்டுவதற்கு வேண்டிய திறன்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 5 மணி நேரத்திலும், கிட்டத்தட்ட எல்லாமே 7 மணி நேரத்திலும் மீள்கின்றன. அளவு கூடினால் இன்னும் நேரம் ஆகலாம். சாப்பிடும் பண்டத்தில் கலந்திருந்தால் கதையே வேறு: உச்சத்துக்கு வரவே சில மணி நேரம் ஆகலாம், மீளவும் அதிக நேரம் பிடிக்கும், அதிக அளவு என்றால் 10 மணி நேரம் வரையும் போகலாம். வீட்டில் கிடைக்கும் கஞ்சாவில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் மணிக்கணக்கு சொல்வதில்லை. புகைத்த இரவு ஓட்டக்கூடாது. தூங்கி எழுந்து, மறுநாள்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது கஞ்சாகூட இல்லை, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ‘கூடவே பீர்’. 2000-இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், 0.04 சதவீத மதுவோடு சிறிதளவு டி.எச்.சி. சேர்ந்தபோது வண்டியின் அலைவு 0.09 சதவீத மதுவுக்குச் சமமானது. டி.எச்.சி.யை இரு மடங்காக்கியதும் 0.14 சதவீதத்துக்குச் சமமானது. 0.04 என்பது பல நாடுகளின் சட்ட வரம்புக்குள்ளேயே இருக்கும் அளவு. அந்த நாடுகளில் ஊதச் சொன்னால் கருவியில் மாட்ட மாட்டார். ஓட்டுவதோ முழுப் போதைக்காரர் போல. ‘ஒரு பீர்தானே, கொஞ்சம்தானே’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடுபவர்கள் விழும் பள்ளம் இது.

ஆம்ஃபெடமின் போன்ற ஊக்கப் போதைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தம்பியின் நண்பர் வட்டத்தில் யாராவது ‘இது தூக்கத்தை விரட்டும், நான் ஓட்டுகிறேன்’ என்று சொல்லக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அந்த வகைப் போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ. கொடுத்துச் சாலையில் சோதித்தபோது வண்டியின் அலைவு குறையவே செய்தது. ஆனால் மதுவோடு சேர்த்துக் கொடுத்தபோது, மது கெடுத்ததை அதனால் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. போதை இறங்கும் நேரத்தில், அடக்கிவைத்த களைப்பு மொத்தமும் ஒரேயடியாக வந்து அமுக்கும் என்பது தனி ஆபத்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் சுலபமானது: டைஃபென்ஹைட்ரமினை ஓட்டும் நாட்களில் நிறுத்திவிடுங்கள். ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மந்தம் தராத மருந்தோ, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயோ உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். செடிரிசின் நடுவாந்தரம், சிலருக்கு அதுவும் தூக்கம் தரும். சளி, இருமலுக்கென்று மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் கலவை மருந்துகளில் பழைய வகை அலர்ஜி மருந்து ஒளிந்திருப்பது சகஜம். அட்டையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே நாளில் டைஃபென்ஹைட்ரமினும் ஜோபிகுளோனும் போட்டிருந்தால், மறுநாள் காலை இரண்டின் மிச்சமும் சேர்ந்தே வண்டியில் ஏறுகின்றன.

தூக்க மாத்திரை அவ்வளவு சுலபம் இல்லை. ஜோபிகுளோன் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும். பதற்றம், நடுக்கம், அபூர்வமாக வலிப்புகூட வரலாம். தூங்காத ஓட்டுநரும் ஆபத்தானவரே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

மருத்துவரிடம் போகும்போது ‘தூக்கம் எப்படி?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ‘நான் இரவு 11 மணிக்குப் போட்டு, காலை 7 மணிக்கு நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். பரபரப்பான கிளினிக்கில் இதை யாரும் கேட்பதில்லை. என் துறைக்காரர்கள் மேல் எனக்குள்ள பழைய குறை அது. அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, தூக்கமின்மைக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத் (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், மாத்திரை இல்லாத சிகிச்சை) தொடங்கலாமா என்று கேளுங்கள். நீண்டகாலத் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் வைக்கப்படும் சிகிச்சை அதுதான். மூச்சுத்திணறலோடு குறட்டை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் கெடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அப்படியிருந்தால் இந்த மாத்திரை அதை இன்னும் மோசமாக்கலாம்.

மாற்று ஏற்பாடு அமையும்வரை, மாத்திரை போட்ட மறுநாள் காலையில் வேறு யாராவது ஓட்டட்டும், அல்லது பஸ், ரயில் என்று பாருங்கள். முடியவே முடியாது என்றால், வேலை நேரத்தைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். கனடாவில் இந்த மாத்திரையோடு தரப்படும் எச்சரிக்கை 12 மணி நேரம் ஓட்டாதீர்கள் என்கிறது. காப்பி குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

தம்பியிடம் ஆய்வை வைத்துச் சண்டை போட்டால் இரண்டு பேருமே ஜெயிக்கப் போவதில்லை. நீங்கள் உங்கள் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டு வந்து, ‘நீ சொன்னது சரி, நான் காலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்று யார் ஓட்டுவது என்பதை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்யட்டும். ஓட்டுபவர் அன்று எதையும் தொடக்கூடாது. யாரும் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் வண்டியை எடுத்துப் போகாமல் வாடகைக் காரில் போகட்டும். புகைத்த பிறகு, ‘நான் ஓட்டலாமா?’ என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டால் என்ன பதில் வரும் என்பதை அந்த 191 பேர் ஆய்வில் புகைத்தவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.